டயர் சூடாகும் இடம்

பிப்ரவரி 9

சில்லறைக்கு,

உன் நம்பரைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் என் வாயில் நல்ல வார்த்தை வராது. நான் இருப்பது மகள் வீடு, பக்கத்து அறையில் மருமகன். அதனால்தான் கடிதம். நாலு மணி பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அடுத்தவன் விஷயத்தை ஊருக்கே படித்துக் காட்டுகிற ஆள் இல்லை அவன்.

அன்றைக்கு நீ செய்ததை உனக்கே ஒரு தடவை சொல்லிக் காட்டுகிறேன், கேள். பாலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டினேன். காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை, வயிறு வெடித்துவிடும் போல வலி. உன்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில்தான் சொன்னேன். காதில்! நீ என்ன செய்தாய்? படியில் ஏறி நின்றுகொண்டு, டிக்கெட் கேட்கிற அதே கண்டக்டர் குரலில், "ஐயா, அம்மா, டிரைவர் அண்ணனுக்கு ஒண்ணுக்கு அடைச்சுக்கிச்சு! டாக்டரோ நர்ஸோ யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினாய். முன் சீட்டில் தினமும் வருகிற டீச்சரம்மா இருந்தார். அந்த ரூட்டில் என்னை சார் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பின் சீட்டில் எவனோ சிரித்தான்.

என் மானம் அங்கேயே கப்பலேறிவிட்டது. ஷெட்டில் இப்போது எனக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? சொட்டு நீர்ப் பாசனம். நாலு மணி டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னான்.

கீழ்வழியாக மெல்லிய குழாய்கூட உள்ளே போகவில்லை. அதனால் அடிவயிற்றில் ஓட்டை போட்டு, அதில் குழாய் செருகித் தண்ணீரை இறக்கினார்கள். தொடையில் பை தொங்குகிறது. பேத்தி வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஜூஸா?" என்கிறாள். என் பெண்டாட்டி இத்தனை நாளும் எனக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக்கூடத் தெரியாததை உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அதை நேரில் பார்த்துவிட்டேன்.

பதில் எழுதாதே.

டிரைவர்


பிப்ரவரி 13

அண்ணனுக்கு வணக்கம்.

எழுதாதே என்று எழுதியிருந்தீர்கள். எழுதுகிறேன். உங்கள் பேச்சை நான் எப்போது முழுசாகக் கேட்டிருக்கிறேன்?

நான் கத்தியது உண்மை. ஆனால் உங்கள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். சாம்பல் நிறம். கிளட்சில் வைத்த கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. காதில் சொன்னீர்கள், சரி. நான் யார் காதில் போய்ச் சொல்ல? ஒவ்வொரு சீட்டாகப் போய், "ஏங்க, நீங்க டாக்டரா?" என்று குசுகுசுவென்று கேட்டுக்கொண்டு வரவா? கத்தியதால்தான் மூன்றாவது சீட்டிலிருந்து அந்த வேலை ஓய்ந்த நர்ஸம்மா எழுந்து வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு. இவரை இன்னும் உட்கார வெச்சிருந்தா கிட்னி போயிடும், வண்டியை நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார். ஒரு லாரிக்காரரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து அத்தனை பேரோடும் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். டீச்சரம்மா இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை நீங்கள் பார்க்கவில்லை.

குழி பறித்தேன் என்கிறீர்கள். மூடிக்கிடக்கும் லாரி எடைமேடைப் பக்கம் தினமும் வண்டியை நிறுத்தி, "டயர் சூடாயிடுச்சு, பத்து நிமிஷம் ஆறட்டும், இறங்குறவங்க இறங்கலாம்!" என்று எத்தனை வருஷமாக நான் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அந்த எடைமேடைச் சுவருக்குப் பின்னால் நீங்கள் முக்கிக்கொண்டு நிற்கிற நேரமெல்லாம், அந்தப் பக்கம் யாரும் போகாமல் நான்தானே காவல் நின்றேன்? மழை கொட்டும்போதுகூட டயர் சூடு என்று சொல்லியிருக்கிறேன் அண்ணே. நம் வண்டி நிற்கிறது என்பதற்காகவே அங்கே ஒரு அம்மா டீக்கடை போட்டுவிட்டார். நேற்று அவர், "டிரைவர் எங்கே, டயர் எப்படி இருக்கு?" என்று கேட்டார். ஆறிக்கொண்டிருக்கிறது என்றேன்.

ஷெட்டில் பெயர் வைத்தது மட்டும் இல்லை, வேறு பேச்சும் ஓடுகிறது. நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். "லாங் ரூட் ஓட்டுறவன், எங்கே போய் வாங்கிட்டு வந்தானோ" என்று ஒருத்தன் சொன்னான். அவன் சட்டைக் காலர் இப்போது அவனிடம் இல்லை. ஆனால் எனக்கே தெரியாது அண்ணே. ஏன் வந்தது உங்களுக்கு? என்னிடமாவது சொல்லுங்கள், அவனுங்க வாயை அடைக்கிறேன்.

சில்லறை


பிப்ரவரி 20

சில்லறைக்கு,

உனக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. அதனால் ஏன் வந்தது என்று கேட்காதே.

படம் எடுத்தார்கள். முன்பக்கமாக மருந்தை ஏற்றி எக்ஸ்ரே. நான் பட்ட வேதனையும் வெட்கமும் என் எதிரிக்கும் வேண்டாம். டாக்டர் ஒரு பெண், என் மகளைவிடச் சின்னவள். படத்தை விளக்கில் வைத்துக் காட்டினாள். நீள பலூனை நடுவில் முறுக்கிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உள்ளே தழும்பு கட்டி, சதை இறுகி, வழி நூல் மாதிரி ஆகிவிட்டதாம். பிறகு என் பெண்டாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது வர்றதுக்கு நாலஞ்சு காரணம் இருக்குங்க. ரெண்டு காலும் ரெண்டு பக்கம் போய், கம்பி மேலயோ கட்டை மேலயோ விழுந்திருக்கலாம். வாலிபத்துல சேர்க்கையால தொத்து நோய் வந்திருக்கலாம். எப்பவாச்சும் குழாய் போட்டப்ப உள்ள கிழிஞ்சிருக்கலாம். சில பேருக்குக் காரணமே தெரியாது. உங்களுக்கு இதுல ஏதாச்சும் நடந்துச்சா?"

நான், "ஒண்ணும் இல்லைங்க, அது காரணமே தெரியாத வகைதான்" என்றேன். அவள் சொன்னதில் என் பெண்டாட்டி இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள் போல. அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறாள், சாப்பிடுங்கள் என்று வாயைத் திறப்பதில்லை.

நான் லீவு நாளில் போய்க் கம்பி விட்டு வழியை விரித்துக்கொண்டு வருவேனே, அந்த ஆஸ்பத்திரிக்கு நீயும் துணைக்கு வந்திருக்கிறாய், அதைச் சொன்னதும் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒவ்வொரு தடவை விரிக்கும்போதும் உள்ள கிழியுது, ஆறும்போது தழும்பு இன்னும் நீளமாகுது. முதல்லயே வந்திருந்தா சின்ன இடத்தை வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைச்சிருப்பேன். இப்ப முடியாது. கன்னத்துக்கு உள்பக்கத் தோலை எடுத்து அங்கே ஒட்டுப் போடணும்" என்றாள். வாய்த் தோலை எடுத்து எங்கே ஒட்டுவது பார்! மூன்று வாரம் குழாயோடு இருக்க வேண்டுமாம். மூன்று மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம்.

அதெல்லாம் நமக்கு ஒத்துவராது. முதலாளி புது வண்டி எடுக்கிறார், முதல் தேதி யார் ஷெட்டில் நிற்கிறானோ அவனுக்குத்தான் அந்த ஸ்டியரிங். அதனால் பழைய ஆஸ்பத்திரியிலேயே இன்னொரு தடவை விரித்துக்கொண்டு, வயிற்றுக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஸ்டியரிங்கை விட்டு இறங்கினால் நான் என்ன ஆள்? சொட்டு நீர்ப் பாசனம்தான். முதலாளியிடம் ஒன்றும் உளறி வைக்காதே. இந்த ஒரு தடவையாவது வாயை மூடிக்கொண்டு இரு.

டிரைவர்


பிப்ரவரி 24

அண்ணே,

மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவன் முதல் தேதி வந்துடுவானா? உன்னைத்தான் நம்பிக் கேக்கறேன்" என்றார். வரமாட்டார், வரவும் கூடாது, டாக்டர் சொன்ன ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். புது வண்டி வேறொருத்தருக்குப் போய்விட்டது. ஆபரேஷனை முடித்துக்கொண்டு டாக்டர் எழுத்தோடு வந்தால் பழைய வண்டியைத் தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

நீங்கள் என்னை வெட்டிப் போட்டாலும் சரி. போன மாதம் அந்த வளைவில் பிரேக் தாமதமாக விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சைக்கிள்காரர் நூலிழையில் தப்பினார். நாய் குறுக்கே வந்தது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். நாய் எங்கே வந்தது? நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டிருந்தீர்கள், உங்கள் கண் ரோட்டிலேயே இல்லை. நான் கண்ணாடியில் பார்த்தேன். அதற்குப் பிறகும் டயர் சூடு என்று பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த டாக்டரம்மா சொல்வதைக் கேளுங்கள். கன்னத்துத் தோல் போனால் என்ன, உங்கள் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், எங்களுக்கும் நிம்மதி.

சிரிக்க வைக்கத்தான் எழுதினேன். சிரிப்பு வராது என்று தெரியும்.

சில்லறை


பிப்ரவரி 27

இனிமேல் நீ எனக்குச் சில்லறையும் இல்லை, நோட்டும் இல்லை.

என் சோற்றில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு அதற்கு மேல் ஜோக் வேறு. ஏன் வந்தது, ஏன் வந்தது என்று கேட்டாயே, சொல்கிறேன். அவனுங்க வாயை அடைக்கிறேன் என்றாயே, உன் வாயை அடைத்துக்கொள்.

நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. உன் பெண்டாட்டி வயிற்றில் முதல் பிள்ளை. அன்றைக்கு மூட்டை ஏற்றுகிறவன் வரவில்லை, நானே பஸ் டாப்பில் ஏறிக் கயிறு கட்டினேன். ஸ்டியரிங்கில் ஸ்பேர் டிரைவர் பெரியவர். ஒரு கால் கேரியருக்கு உள்ளே, ஒரு கால் வெளியே ஏணியில். இறங்கிக்கொண்டிருக்கிறேன். நீ விசில் அடித்தாய். அவர் வண்டியை எடுத்துவிட்டார். குதிரை மேல் உட்காருகிற மாதிரி அந்தக் கேரியர் கம்பி மேல் உட்கார்ந்தேன், என் முழு எடையோடும். கண்ணில் பூச்சி பறந்தது. நீ கீழேயிருந்து, "என்னண்ணே, மேலேயே சவாரியா?" என்று கேட்டாய்.

அன்று ராத்திரி ரத்தம் வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லி லீவு போட்டேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் விசிலைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு எங்கே போயிருப்பாய்? அதனால் முதலாளியிடம் சொல்லவில்லை, என் பெண்டாட்டியிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அவள் இன்றைக்கு என்னைத் தெருப்பொறுக்கி மாதிரி பார்க்கிறாள். ஒரு வார்த்தையில் என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அப்போதும் உன் பெயர் வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

உனக்கே தெரியாமல் உன் ரகசியத்தைப் பதினோரு வருஷம் காப்பாற்றினேன். என் ரகசியத்தை உன்னால் ஒரு மத்தியானம் காப்பாற்ற முடியவில்லை.

இத்தோடு சரி.


மார்ச் 8

அண்ணே,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு நான் டூட்டியில் இருந்தேன். படித்துவிட்டு வண்டியில் ஏறினேன். ஸ்டாப்பில் எல்லாரும் ஏறியாகிவிட்டது, விசிலை வாயில் வைத்தேன், ஊத முடியவில்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறார், ஜனங்கள் என்னையே பார்க்கிறார்கள். கடைசியில் வண்டியின் பக்கவாட்டில் கையால் தட்டி அனுப்பினேன். நாள் முழுக்கத் தட்டித் தட்டி உள்ளங்கை வீங்கிவிட்டது. மறுநாள் முதலாளியிடம் சொல்லி, பஸ் ஸ்டாண்டு கவுண்டருக்கு மாற்றிக்கொண்டேன். விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் ஒருத்தன் மூச்சுக் காற்றால் உங்களுக்கு இத்தனை வருஷக் கஷ்டமா என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பின்னால் போட்டி வண்டி வந்துகொண்டிருந்தது. உங்களுக்கு அவசரம், எனக்கு அவசரம். நினைக்க நினைக்க, விசிலுக்கு முன்னால் மேலேயிருந்து வந்த ஒரு குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என் கற்பனையோ என்று சந்தேகம் வந்து ஸ்பேர் டிரைவர் பெரியவரைத் தேடிப் போனேன். இப்போது ஒரு பட்டறையில் வாட்ச்மேனாக இருக்கிறார். நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த நாளைப் பற்றிக் கேட்டேன், அவராகத்தான் சொன்னார். "அவன் கடைசி முடிச்சைப் போட்டதும் மேலேயிருந்தே 'போலாம் போலாம்'னு கத்தினான். நீ விசில் அடிச்சே. நான் எடுத்துட்டேன். மூணு பேருக்கும் அவசரம். எவனும் ஏணியைப் பார்க்கலை."

நீங்கள் கத்தினீர்கள் அண்ணே. இறங்குவதற்கு முன்பே கத்தினீர்கள்.

இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. நான் ஏணியைப் பார்த்திருக்க வேண்டும், அது என் வேலை. ஆனால் உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் வேறு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் காதில் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருப்போம். முதல் மாதமே நல்ல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நீங்கள் சொல்லவில்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் நீங்கள் நிற்கும்போது, "என்னண்ணே, குழாயை மூட மறந்துட்டீங்களா?" என்று நான் கேலி செய்தபோதெல்லாம் நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். மனசுக்குள், இவனுக்காகத்தான் நான் இப்படி நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சிரித்தீர்கள். என்னைக் கேட்காமலே என்னைக் கடன்காரன் ஆக்கிவிட்டு, சமயம் பார்த்து முகத்தில் எறிந்தீர்கள். நான் பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினேன். நீங்கள் பதினோரு வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தீர்கள். எது பெரிய துரோகம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு இனி வாய் இல்லை. அண்ணிக்கு ஒரு தாள் தனியாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதை மட்டும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.


ஏப்ரல் 14

தம்பிக்கு,

தாளைக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் படித்துப் பார்த்தேன், பொய் சொல்லவில்லை. உன் விசிலால் நான் விழுந்தேன் என்று எழுதியிருந்தாய். நான் மேலேயிருந்து கத்தியதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என்னிடம் அத்தனை எழுதினவன் அவளிடம் ஏன் மறைத்தாய்? அதை நானே சொன்னேன். அவள் சமையலறையில் நின்றபடியே கேட்டாள். பிறகு, "உங்க துணியைத் துவைச்சவ நான். உங்க உடம்புல நடந்தது எனக்கு ஒரு கண்டக்டர் எழுதித்தான் தெரியணுமா?" என்றாள். இப்போதும் பேசுவதில்லை. ஆனால் காரணம் வேறு. தட்டை வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்காருகிறாள்.

நான் கத்தினேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு ஞாபகம் இல்லை. விசில் சத்தம் மட்டும் நேற்றுக் கேட்ட மாதிரி இருக்கிறது. பெரியவருக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆகவே கத்தியிருப்பேன். இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் பூட்டிப் பூட்டி வைத்திருந்தேன், திறந்து பார்த்தால் பாதி என்னுடையது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மார்ச் நடுவில் ஆபரேஷன் முடிந்தது. நீ சொல்லிச் செய்துகொண்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வண்டிதான் போய்விட்டதே, இனி எதற்குக் காத்திருப்பது என்று சம்மதித்தேன். கீழே வலி பரவாயில்லை, கன்னத்தில்தான் உயிர் போயிற்று. முதல் நாட்களில் கஞ்சியை ஸ்ட்ரா போட்டுக் குடித்தேன். நீ சொன்ன மாதிரியே என் வாய்க்கு ஓய்வு. மூன்று வாரம் கழித்து மறுபடி மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். கசிவு இல்லை, வழி அகலமாக இருக்கிறது என்று சொல்லிக் குழாயை எடுத்தார்கள்.

பிறகு ஒரு புனலுக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். அதில் ஒன்றுக்குப் போனால் மிஷின் கோடு போடுமாம். பழக்கத்தில் முக்கப் போனேன், அதற்குள் தானாகவே வந்துவிட்டது. தடையில்லை, சிதறவில்லை, சொட்டவில்லை. தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம்! என் உடம்பிலிருந்து அந்தச் சத்தம் வந்து எத்தனை காலம் ஆகிவிட்டது. வெளியே டாக்டர் மிஷின் போட்ட கோட்டைக் காட்டி, "பாருங்க, நல்ல மலை மாதிரி ஏறி இறங்குது. ஆனாலும் செக்கப்புக்கு வராம இருந்துடாதீங்க, சில பேருக்குத் திரும்பவும் சுருங்கும்" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? மருமகனிடம் சொல்ல முடியுமா, மகளிடம் சொல்ல முடியுமா? உடனே உன் ஞாபகம்தான் வந்தது. கூப்பிடலாம் என்றால் உன் நம்பர் போனில் இல்லை. போயும் போயும் உன் ஞாபகம் வந்ததே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

டிரைவர்


ஏப்ரல் 22

அண்ணனுக்கு,

படித்தேன். கவுண்டரில் உட்கார்ந்து படித்ததால் சத்தமாகச் சந்தோஷப்பட முடியவில்லை. எதிரில் டிக்கெட்டுக்கு நின்றவர், "என்ன சார், நல்ல சேதியா?" என்றார். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியாகிவிட்டது என்றேன். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கற்றுக்கொண்டுவிட்டேன்.

முதலாளி பழைய வண்டியை உங்களுக்காக வைத்திருக்கிறார். ஜூன் கடைசியில் டாக்டர் எழுத்தோடு வாருங்கள். நான் வண்டிக்குத் திரும்பவில்லை. முதலாளி கேட்டார், அண்ணியும் போனில் கேட்டார்கள். என்னால் முடியாது அண்ணே. நீங்கள் ஸ்டியரிங்கில் இருப்பீர்கள், நான் பின்னால் இருப்பேன், கண்ணாடியில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம். நீங்கள் சிரித்தால், இது நிஜச் சிரிப்பா பழைய சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. அதை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வர முடியாது.

புதுக் கண்டக்டர் நல்ல மனுஷன், ஒழுங்கானவர், வயதில் மூத்தவர். அவரிடம் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல இனி என்ன இருக்கிறது? எடைமேடைப் பக்கம் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

சில்லறை


ஜூன் 29

சில்லறைக்கு,

நேற்று முதல் டிரிப். ஸ்டாண்டிலிருந்து வண்டியை எடுக்கும்போது கவுண்டர் ஜன்னலைப் பார்த்தேன். குனிந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாய். எண்ணவில்லை என்று எனக்குத் தெரியும்.

புதுக் கண்டக்டர் விசில் நீளமாக அடிக்கிறார். அடித்ததும் என் கால் கிளட்சை விடவில்லை. பக்கக் கண்ணாடியில் ஏணியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அப்படித்தான். ஏணியில் யாரும் இல்லை. டீச்சரம்மா ஏறினார். "உடம்பு தேவலையா சார்?" என்றார். சார் என்றுதான் சொன்னார்.

எடைமேடை வந்தது. நிற்க வேண்டாம் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் வந்தேன். கால் கேட்கவில்லை, தானாகப் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. வண்டி நின்றது. டீக்கடை அம்மா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு, "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று ஓடி வந்தார். சுவருக்குப் பின்னால் போனேன். அந்த அம்மா ஒரு கிளாஸ் ஊற்றி முடிப்பதற்குள் என் வேலை முடிந்துவிட்டது. அதற்கு மேல் அங்கே என்ன செய்வது? கேலி பேச யாரும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன் மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே இருந்தது. நீ இல்லையே என்பதும் இருந்தது.

திரும்பி வந்தால் ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். "என்னங்க, ஏன் நிக்குது?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் கண்டக்டரைப் பார்த்தார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நானே சொன்னேன், "டயர் சூடாயிடுச்சு."

அந்த மனுஷன் இறங்கி வந்தார். நான்கு பக்கமும் சுற்றி வந்து, ஒவ்வொரு டயராகக் குனிந்து கை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "சூடெல்லாம் ஒண்ணும் இல்லைண்ணே, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

இத்தனை வருஷத்தில் நீ ஒரு நாள்கூடக் குனிந்து டயரைத் தொட்டதில்லை.

டிரைவர்